சூடு பார்க்கும் கேமரா

கப்பலை விட்டு இறங்கி வந்த மாப்பிள்ளை சிவபிரகாஷைப் பார்த்ததும் துறைமுக வாசலில் இருந்த சூடு பார்க்கும் கேமரா 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. பக்கத்துத் திரையில் அவன் முகம் செக்கச்செவேல் என்று தெரிந்தது.

"பையா, தோடா சைட்ல, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் ஹெல்த் டிபார்ட்மென்ட் ராணி. "காய்ச்சல் இருந்தா வெளியே விட முடியாது."

மாலையும் கையுமாக நின்ற பெண்ணின் அப்பா திருநாவுக்கரசு வாட்சைப் பார்த்தார். நாளைக்குக் காலையில் முகூர்த்தம். குட்வில் எஸ்டேட் வீட்டில் வாழைமரம் கட்டியாகிவிட்டது. கப்பலே லேட்டாகத்தான் வந்திருக்கிறது.

"விடலைன்னா?"

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வார்டுதான் அங்கிள்."

"காய்ச்சல் எல்லாம் இல்ல மாமா," என்றான் சிவபிரகாஷ். "வழியெல்லாம் டெக்லதான் இருந்தேன். நல்ல வெயில்."

"அதுவாவும் இருக்கலாம்," என்றாள் ராணி. "உடம்புலேர்ந்து வர்ற அகச்சிவப்புக் கதிரைத்தான் இது பிடிக்கும். வெயில்ல காஞ்ச தோலும் இதுக்குச் சூடுதான். முகம் கழுவிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. மறுபடி பார்ப்போம்."

வேறு யாராக இருந்தாலும் இதோடு நிம்மதி மூச்சு விட்டிருப்பார்கள். திருநாவுக்கரசு கான்ட்ராக்டர். எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரிசல் தேடுகிற கண்.

"டெக்கா? கேபின்தானே போட்டோம்? மாப்பிள்ளை கூட்டத்தோட பங்க்ல படுக்கக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னு வாங்கினேனே."

சிவபிரகாஷ் சிரித்து வைத்தான். முகம் கழுவிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்தான்.

திருநாவுக்கரசு தன் மனைவி ஜெயலட்சுமியைத் தனியே இழுத்துப் போனார். ஆனால் அவர் ரகசியம் பேசினாலே தள்ளி இருக்கிற மின்னி பே வரைக்கும் கேட்கும்.

"பார்த்தியா? கேபினை விட்டுட்டு டெக்ல என்ன வேலை? சீட்டுக் கச்சேரி. இல்லன்னா தண்ணி. பெத்த பொண்ணு அகிலாவைக் கிணத்துல தள்ளப் பார்த்தேனே."

"மெதுவாப் பேசுங்க."

"எதுக்கு மெதுவா? இந்தக் கல்யாணமே வேண்டாம்னு அகிலாகிட்ட சொல்லிடறேன்." போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு பெண் வேகமாக வந்து சிவபிரகாஷ் முன்னால் நின்றாள். தோளில் அவனுடைய பை.

"பையா, ஆப்கா பேக். உங்க பையைக் கேபின்லயே விட்டுட்டீங்க."

ராணி நிமிர்ந்தாள். "இவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"கப்பல்லதான் பார்த்தேன் தீதி. எனக்கு பங்க் டிக்கெட். கூட்டம், புழுக்கம். குழந்தை வீறிட்டு அழுதுட்டே இருந்துச்சு. இவர்தான் தன் கேபினை எங்களுக்குக் கொடுத்துட்டு, வர்ற வரைக்கும் டெக்லயே கிடந்தார்."

குழந்தை ஒன்றும் தெரியாமல் கொட்டாவி விட்டது.

திருநாவுக்கரசின் விரல் போனிலேயே நின்றது. ஜெயலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் பயப்படுகிற பார்வை அது.

சிவபிரகாஷ் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கேமரா முன்னால் போய் நின்றான். சத்தமே இல்லை. ராணி தெர்மாமீட்டரும் வைத்துப் பார்த்தாள்.

"டீக் ஹை, எல்லாம் சரியா இருக்கு. கூட்டிட்டுப் போங்க. கல்யாணச் சாப்பாடு எனக்கும் உண்டுதானே?"

"குடும்பத்தோட வாம்மா," என்றாள் ஜெயலட்சுமி. கணவர் கையிலிருந்த மாலையைப் பிடுங்கி, தானே மாப்பிள்ளை கழுத்தில் போட்டாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

எல்லோரும் வாசலைத் தாண்டினார்கள். கடைசியாக திருநாவுக்கரசு வந்தார்.

பீப். பீப். பீப்.

ராணி திரையைப் பார்த்துப் பதறினாள். "அங்கிள், காது வரைக்கும் சிவப்பாக் காட்டுதே. உங்களுக்குக் காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா, வெக்கம்," என்றார் திருநாவுக்கரசு, தரையைப் பார்த்தபடி. "மாப்பிள்ளைய நிமிந்து பார்த்தா இன்னும் ஏறும்."