புகை திரும்பும் வரை

அன்று காலை பனி விழுந்துகொண்டிருந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நவம்பர் என்பது மட்டும் நிச்சயம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து வடகோடியில் ஒரு வீடு. வீட்டைச் சூடாக்கப் புதிதாக வைத்த விறகடுப்பின் முன்னால் ஆர்டித் மண்டியிட்டிருக்கிறாள். பின்னால் நாற்காலியில் அவள் கணவன் வெண்டல், கம்பளியும் பழுதான நுரையீரலுமாக. மகள் கார்லா கோட்டைக் கழற்றாமல் கதவருகே நிற்கிறாள். அப்பாவின் பெட்டி அவள் காலடியில். "புகை உள்ள வந்துச்சுன்னா அப்பா என்கூட பாஸ்டன் வந்துடணும்மா. பேசினது பேசினதுதான்." ஆர்டித் தீக்குச்சியை உரசுகிறாள். சிராய்கள் பற்றிக்கொள்கின்றன. ஆனால் கூரைக்கு மேலே போகும் குழாய்க்குள் இரவுக் குளிர் மூடி போட்டதுபோல அடைத்துக்கொண்டிருக்கிறது. புகை மேலே ஏறாமல் அடுப்பின் வாய்வழியே திரும்பி வருகிறது. "என்னைய மீனுன்னு நெனச்சுப் புகை போடுறியா?" என்கிறான் வெண்டல். "வாய மூடு. மூச்சாவது மிச்சமாகும்." கார்லா குனிந்து பெட்டியின் கைப்பிடியைப் பிடிக்கிறாள். ஆர்டித் செய்தித்தாளை முறுக்கிக் கொளுத்தி, எரியும் சிராய்களுக்கு மேலே கையை நுழைத்து, குழாய் சூடேற அதன் அடியில் பிடிக்கிறாள். சட்டைக் கை கருகும் வாசனை வருகிறது. கையை அவள் எடுக்கவில்லை. வெண்டலுக்கு இருமல் முட்டுகிறது. கம்பளியை வாயில் திணித்து, கண்ணில் நீர் வழிய, அதை விழுங்குகிறான். கார்லா அதைப் பார்க்கிறாள். குழாய்க்குள் மெல்ல ஓர் இரைச்சல் கிளம்புகிறது. அறைக்குள் வந்த புகை தயங்கி, திரும்பி, மேலே இழுபட்டுப் போகிறது.

கார்லா பெட்டியை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனாள். வெண்டல் அந்தக் குளிர்காலம் முழுவதும் அதே நாற்காலியில் இருந்து, ஏப்ரலில் இறந்தான். மணிக்கட்டில் தழும்போடு, அடுப்பை இப்போதும் ஆர்டித்தான் மூட்டுகிறாள்.