பூஜ்ஜியத்தில் வைத்த பாட்டு

மாலை ஐந்தே கால். அலறிய பாட்டை நிறுத்தியாகிவிட்டது. அலமாரிக் கண்ணாடி மட்டும் இன்னும் அதிர்கிறது. மாப்பிள்ளை ரிமோட்டும் கையுமாக நிற்கிறார். இதய அறுவை சிகிச்சை முடிந்து நேற்று வீடு திரும்பிய மாமனாருக்காக அவர் வாங்கிவந்த ஆம்ப்ளிஃபயர். சத்தமே இல்லாமல் தொடங்கி மெல்லக் கூட்டலாம் என்று, பாட்டைப் போடுமுன் ஒலியளவைக் காட்டும் டெசிபலைப் பூஜ்ஜியத்தில் வைத்தார். இந்தக் கருவியில் மைனஸ் அறுபதுதான் முணுமுணுப்பு, பூஜ்ஜியம் உச்சம். அதன் திரையில் அந்தப் பூஜ்ஜியம் இன்னும் பச்சையாக எரிகிறது. மாமனாரின் உள்ளங்கை நெஞ்சுத் தையல்மேல் பதிந்திருக்கிறது. கவிழ்ந்த டம்ளரின் தண்ணீர் மாப்பிள்ளையின் பாதத்தைத் தொடுகிறது, அவர் நகரவில்லை. “எல்லாம் எனக்குத் தெரியும்னீங்களே,” என்கிறாள் அவர் மனைவி. மாமனார் மூச்சை இழுத்துவிட்டுச் சிரிக்கப் பார்க்கிறார். “விடும்மா. தையல் கெட்டியா போட்டிருக்காங்களான்னு மாப்ள சோதிச்சுப் பார்த்தாரு. அப்படித்தானே மாப்ள?”