கப்பல் வாசம்

“செருப்பு மட்டும் பத்தாது, கைக்கடிகாரத்தையும் கழட்டிடுங்க. உள்ள போனதும் யாரும் சத்தமா பேசக் கூடாது” என்றார் சதாசிவம்.

கதவு திறந்ததும் தர்மா கன்னத்தில் போட்டுக்கொண்டான். வேண்டுமென்றேதான். உள்ளே சாமி இல்லை; சுவரோரமாகப் பழைய ஸ்நேர் டிரம்கள், ஒவ்வொன்றும் தனித்தனி வெல்வெட் மெத்தையில் படுத்திருந்தன.

“ராத்திரி பகலா ஈரம் உறிஞ்சுற மெஷின் ஓடுது, டாக்டர். இந்த ஈப்போ மழையில வீட்டுல துணி கூட காய மாட்டேங்குது. இந்த ரூம்ல மட்டும் காகிதம் அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருக்கும்.”

“ஆமா டாக்டர், அண்ணி ஹால்ல வேர்த்துப் போய் நிக்கிறாங்க. டிரம்முக்கு ஏர்கோன்” என்றான் தர்மா.

டாக்டர் சுரேன் சிரிக்கவில்லை. பழைய இசைக்கருவிகளுக்கு வயது சொல்வதற்கென்றே கோலாலம்பூரிலிருந்து வந்தவர் அவர். அடுத்த மாதம் திறக்கப்போகும் தோட்ட மக்கள் கலைக்கூடத்தின் நடுக் கண்ணாடிப் பெட்டியில் ஒரே ஒரு டிரம்முக்குத்தான் இடம். அதன் அடியில் உரிமையாளர் பெயரைப் பொறித்த பித்தளைத் தகடு. அந்தத் தகடு சிலிபின் வட்டாரத்துச் சதாசிவத்துக்கா, லகாட் ஊர்த் தர்மாவுக்கா என்பதை அவர் இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

தகட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள சதாசிவம் பாத்திக் சட்டைகூடத் தைத்துவிட்டார்.

போட்டிக்கு ஆளுக்கொன்றாக வைத்த இரண்டு டிரம்மும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்து பேண்டு வாசித்தவை. எது வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்தது, எது அதைப் பார்த்து உள்ளூர்த் தச்சர் செய்தது என்பதுதான் வழக்கு.

சதாசிவம் வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு தன்னுடையதைத் தூக்கி வந்தார், பிரசவ வார்டிலிருந்து வருகிறவர் மாதிரி. “இது சத்தம் கேட்டாதான் துரை காரை விட்டே இறங்குவாராம்.”

அடித்தோலும், அதில் உரசிச் சரசரக்கும் கம்பிச் சரமும் எந்தக் காலத்திலோ போய்விட்டன. மிஞ்சியது மேல்தோல் ஒன்றுதான். அதற்கு ஓய்வு வேண்டும் என்று டிரம்மை எப்போதும் தலைகீழாகவே வைத்திருந்தார்.

“இப்படிப் பார்த்தா சட்டி மாதிரிதான் இருக்குண்ணே. ரசம் வைக்கலாம்” என்றான் தர்மா.

“பொறாமையில பேசாத தர்மா. இங்க பாருங்க டாக்டர், எங்க வீட்டுப் பூனை சீனி. எத்தனை டிரம் இருந்தாலும் இதையேதான் சுத்திச் சுத்தி வரும். தரம் அதுக்கும் தெரியுது.”

சீனி மெத்தையில் ஏறி நின்று டிரம்மின் விளிம்பை உருக்கமாக நக்கியது.

டாக்டர் டிரம்முக்குள் மூக்கை விட்டார். வெகு நேரம் எடுக்கவில்லை. பிறகு உள்மரத்தில் விரலை ஓட்டினார். வெள்ளையாக ஏதோ ஒட்டியது. நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

“உப்பு.”

டாக்டர் கைக்குட்டையில் விரலைத் துடைத்தார்.

“கடல் உப்பு. கப்பலோட அடித்தட்டுல அத்தனை நாள் கிடந்து வந்த மரம் இப்படித்தான் பூக்கும். இதைத் தச்சுப் பட்டறையில செய்ய முடியாது. தர்மா, உங்களுது காலையில பார்த்தேன். வெறும் வார்னிஷ் வாசம்.”

“என்னுது குளிச்சிட்டு வந்திருந்துச்சு டாக்டர்” என்றான் தர்மா. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

சதாசிவத்துக்குக் குரல் ஏறிவிட்டது. “நான் அன்னிக்கே சொன்னேன், யாரு கேட்டா? அந்த வாசத்துல இந்தியப் பெருங்கடலே இருக்கு டாக்டர்.”

டாக்டர் இன்னொரு முறை முகர்ந்தார். “கடைசியில கொஞ்சம் மலாக்கா நீரிணையும் தெரியுது.”

“மழை மாசத்துல இன்னும் தூக்கலா வரும்.”

“வரும். மரம் கடலை நினைச்சுக்கும்.”

சதாசிவத்தின் மனைவி கலாதேவி தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். அந்த அறைக்குள் கையுறை இல்லாமல், தனியாகப் போக உரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான், கூட்டித் துடைப்பதற்காக.

“ஏங்க, அந்த டிரம்முல…”

“கலா, பெரியவங்க பேசிட்டு இருக்கோம்லா.”

டாக்டர் அங்கேயே நின்று கலைக்கூடத்துக்குப் போன் போட்டார். “முடிவாயிருச்சு. தகட்டுல சதாசிவம்னு வெட்டச் சொல்லுங்க. என் பேர்ல பத்திரிகைக்கும் கொடுத்துடுங்க, கடல் உப்பு விஷயத்தைத் தலைப்புல போடுங்க.”

தர்மா பெருமூச்சு விட்டுக் கையை நீட்டினான். “சரிண்ணே, ஒத்துக்கிறேன். உங்களுது கப்பல்ல வந்ததுதான்.”

சதாசிவம் வெள்ளைக் கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கே காருல எடுத்துட்டுப் போறேன். இனிமே இது கண்ணாடியை விட்டு வெளிய வராது” என்றார் டாக்டர்.

கலாதேவி தட்டைக் கீழே வைத்தாள். டிரம்மைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது.

“அப்ப உப்பு போட்ட நெத்திலிய நான் இனிமே எதுல காய வைக்கிறது?”