ஜன்னலில் ஒரு கை

ஆனேக்கல் பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னல் வெயிலில் இன்னும் அடங்காமல் மிதக்கிறது. பெண்களுக்கான இடத்தில் ஜெயித்த சந்திரம்மா இன்றுதான் முதல்முறையாகத் தன் நாற்காலியில், அதுவும் நுனியில், உட்கார்ந்திருக்கிறாள். இதுவரை எல்லாக் கூட்டத்துக்கும் அவளுக்குப் பதிலாக வந்து கை தூக்கியவன் புருஷன் முனியப்பன். இன்று அவளே வந்துவிட்டதால் ஜன்னலுக்கு வெளியே பீடியோடு நிற்கிறான். சேர்மன் நஞ்சப்பா தொண்டையைச் செருமுகிறார். "புதுக் கிணறு காலனியில வேணாம், நம்ம தோப்போரம் வெட்டலாம். சரின்றவங்க கை தூக்குங்கப்பா." பாதிக் கைகள் எழுகின்றன. மீதிப் பாதி மேசைமேலேயே கிடக்கின்றன. காலனிக்காரி சந்திரம்மாவின் கைகள் மடியில் ஒன்றையொன்று இறுக்கிக்கொள்ள, கண்ணாடி வளையல் சதையில் பதிகிறது. சேர்மனின் பார்வை அவளைத் தாண்டி, தன் நிலத்தில் கூலிக்கு உழும் முனியப்பன்மேல் போய் நிற்கிறது. பீடி கீழே விழுகிறது. ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அவன் கை எழும்புகிறது. குமாஸ்தா வழக்கம்போல அதையும் எண்ணி, பேனாவை மைக்கூட்டில் தோய்க்கிறார். "சந்திரம்மா, சம்மதம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. "எழுதாதீங்க சாமி," என்கிறாள். "அது என் கை இல்ல."