பிறைக் கணக்கு

"கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நாலு மாசம் பத்து நாள் ஓடிப்போச்சும்மா," என்றான் இத்ரீஸ். "கிளம்பு, கார் தெருமுனையில நிக்குது."

குல்தூம் அக்கா அசையவில்லை. தலை முதல் கால் வரை வெள்ளையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

கணவர் இறந்தபின் வெள்ளை உடுத்தி வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா அவளுக்கு அன்றோடு முடிந்தது. பொதுக் குளியலறைக்கு அழைத்துப்போய், குளிப்பாட்டி, வண்ண உடை மாற்றிவிடப் பக்கத்து வீட்டுக்காரியான நான் பையோடு வந்திருந்தேன். அதன்பிறகு மகனோடு காஸாபிளாங்கா. மருமகளுக்கு நிறைமாதம். சமைக்க ஆள் வேண்டும்.

"இன்னும் முடியலையே," என்றாள் அக்கா. "நாலு நாள் பாக்கி இருக்கு."

சுவரில் தொங்கிய ஆங்கிலக் காலண்டரைக் காட்டினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தாவைப் பிறையை வைத்துத்தான் எண்ண வேண்டும். பிறை மாதம் காலண்டர் மாதத்தைவிடக் குட்டை. பெண்டாட்டி சொன்ன தேதிக்கு வந்து நிற்கிற இத்ரீஸுக்கு இதெல்லாம் எட்டாது. ஆனால் நோன்பு எந்த நாளில் பிறக்கும் என்று எங்கள் சந்துக்கே சொல்பவள் அக்கா. அவளா தப்பாக எண்ணுவாள்?

திருத்த வாயெடுத்தவள் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். பயந்துபோயிருந்தாள்.

அவள் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் திங்கள் என்றால் பயறு, செவ்வாய் கோழி, வெள்ளி கூஸ்கூஸ். முப்பது வருடமும் அதே உப்பு, அதே தட்டு.

"திரும்பிப் பாத்தா எல்லாம் ஒரே வாரமாத் தெரியுதுடி," என்று ஒருமுறை சொன்னாள்.

இந்த நாலு மாதத்தில் அவள் கட்டிலை ஜன்னலுக்குக் கீழே இழுத்துப் போட்டாள். தலைமுடியைத் தானே வெட்டிக் கோணலாக்கிக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக மத்தி மீன் பொரித்தாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று சந்தே பேசியது.

"நாள் ரொம்ப நீளமா இருக்குடி," என்பாள் என்னிடம்.

"பொறுத்துக்கோ அக்கா, ஓடிடும்," என்று நானும் முதுகைத் தடவிக்கொடுப்பேன். மரமண்டை நான். குறையாகவா சொன்னாள் அவள்? ஆசையாகச் சொல்லியிருக்கிறாள்.

இத்ரீஸ் என் பக்கம் திரும்பினான். "நீங்களே சொல்லுங்க சித்தி. முடிஞ்சிருச்சுதானே?"

மார்க்க விஷயத்தில் பொய் சொல்வது பாவம். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விரல்விட்டு எண்ணினேன். அவசரப்படாமல் எண்ணினேன்.

"உங்கம்மா கணக்கு தப்புப்பா," என்றேன்.

அக்காவின் தோள்கள் தொய்ந்தன.

"அடக்கம் பண்ணின நாளைச் சேர்க்கக் கூடாது. இன்னும் அஞ்சு நாள் இருக்கு."