வாலைக் கவ்விய பாம்பு

ராஜபாளையத்தில் அந்தப் பழைய வீட்டின் ஓடுகளைப் பிரித்தாகிவிட்டது. கூரையில்லாத கூடத்தில் காலை வெயில் கொட்டுகிறது. வாசலில் ஜேசிபி உறுமிக்கொண்டு நிற்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபஸீலா ஈரத்துணியால் சுவரை ஒற்ற ஒற்ற, பொங்கலுக்குப் பொங்கல் அடித்த சுண்ணாம்பு அப்பளம் போல் பெயர்ந்து விழுகிறது. முதலில் ஒரு பச்சை வளைவு, பிறகு செதில்கள், பிறகு தன் வாலையே கவ்விய பாம்பு, நடுவே ஆறுமுனை நட்சத்திரம். இந்த ஊரில் ஒரு காலத்தில் மறைவாகக் கூடிய ஞானசபையின் சின்னம்! இத்தனை வருடம் அவள் தேடி அலைந்தது இதைத்தான். “செத்த நேரம்னுதானே கேட்டீய? தள்ளுங்க மேடம், இடிக்கணும்” என்றபடி வருகிறார் வீட்டுக்காரர் ஹரிகிருஷ்ணன். அவள் வாய் திறப்பதற்குள், கல் சுமக்கும் மாரிக்கனி கூடையைப் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். “ஆத்தாடி, நாகம்மா! ஏலே, வண்டிய அமத்து!”

உறுமல் நிற்கிறது. ஹரிகிருஷ்ணனின் கால்கள் தாமாகவே செருப்பை உதறுகின்றன. “நாகம்மாதானா மேடம்? படிச்சவிய நீங்க சொல்லுங்க. இல்லன்னா இடிச்சிருவேன்.” எல்லாக் கண்களும் ஃபஸீலாவின் மேல். பச்சைச் செதில்களில் வெயில் நெளிகிறது. அவள் மெல்லக் குனிந்து தன் செருப்பையும் கழற்றுகிறாள்.

“கற்பூரத்த மட்டும் தள்ளி ஏத்துங்கண்ணே. புகை பட்டா சாயம் கறுத்துரும்.”