பூச்சி தொடாத உயில்

பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் படுத்திருந்த உயிலுக்குத் தன்னைப் பற்றி ஏகப் பெருமை. வீடு மகள் தமயந்திக்கே என்று சிங்காரவேலு கைப்பட எழுதி, தன்னோடு பள்ளியில் படித்த இருவரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருந்தார்.

"நீ இருப்பது வீட்டில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டது பக்கத்திலிருந்த அந்துருண்டை.

"மூச்! தெரிந்தால் மகன்கள் சண்டைக்கு வருவார்களாம். நேரம் பார்த்துச் சொல்வார். பூச்சி அண்டாமல் நீ என்னைப் பார்த்துக்கொள், போதும்."

அந்துருண்டை கரைந்து கரைந்து மிளகளவு ஆனது. அதற்குள் சாட்சிகள் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். நேரம் பார்த்துக்கொண்டே இருந்த சிங்காரவேலுவும் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்த மறுவாரம், தமயந்தி பத்திர ஆபீஸுக்குப் போய், வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாமென்று அண்ணன்மாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா ஞாபகமாக வேட்டியையாவது வைத்துக்கொள்ளலாமென்று பீரோவைத் திறந்தாள். உயில் அவள் காலடியில் விழுந்தது. எடுத்துப் பிரித்தாள்.

"பார்த்தாயா, ஓர் ஓட்டைகூட இல்லை!" என்றது உயில்.

அந்துருண்டையோ தமயந்தியின் பெருவிரலில் இன்னும் காயாத மையையே பார்த்துக்கொண்டிருந்தது.